கொதிகலன் பற்றிச் சில அபிப்பிராயங்கள்

மார்ச் 4

தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நீ நலமாகத்தான் இருப்பாய். எனக்குக் கெடுதல் செய்தவர்கள் யாரும் நோயில் விழுந்ததாக இதுவரை செய்தி வந்ததில்லை. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பைச் சொல். அவர்கள் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ பேசுவது ஒரு எழவும் புரிவதில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாய். கல்லூரியில் என் மாணவர்களும் அப்படித்தான். வரலாறு வாய்மொழித் தேர்வில் ஒருவன் எதிரே உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். பூஜ்யம் போட்டு அனுப்பினேன். இந்தத் தலைமுறைக்கு வாயைத் திறந்து பேசவே சோம்பேறித்தனம். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்.

எங்கள் புது ஆல்பம் ‘கொதிகலன்’ வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டவர்கள் இணையத்தில் எழுதியிருப்பதையெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தேன். நீயும் படித்திருப்பாய். இருந்தாலும் சிலவற்றை எடுத்து எழுதுகிறேன், நான் மட்டும் ஏன் தனியாக அனுபவிக்க வேண்டும்?

‘எலும்புக்கூடு’ என்ற பெயரில் ஒருவன்: “கிட்டார் வாசிக்கறாங்களா, பல்லு டாக்டர் மெஷின் போட்டு கொடையறாங்களா?”

‘சவப்பெட்டி’ என்று ஒரு பெண்: “முதல் பாட்டு ஆரம்பிச்சதும் எங்க நாய் கட்டிலுக்கு அடியில போச்சு. பிஸ்கட் காட்டியும் வெளிய வர மாட்டேங்குது.”

இன்னொருவன்: “அடுத்த தடவை ஆல்பத்தோட பஞ்சும் சேத்துக் குடுங்கப்பா.”

எல்லாவற்றுக்கும் மேலே ‘கறுப்புப் பல்லி’. அவன் எழுதியது ஒரே வரி: “பாட்டெல்லாம் அருமை, கேக்கத்தான் முடியல.”

ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினேன். ஹெவி மெட்டல் என்பது தாலாட்டு இல்லை, கிட்டார் உறுமத்தான் செய்யும், முடியாதவன் புல்லாங்குழல் கேட்டுக்கொள்ளட்டும் என்றேன். அதற்கு அந்தப் பல்லி, “தாத்தா, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்கிறான். அதற்கு அறுபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

இதில் உன் வேலை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். இவர்களில் பாதிப் பேர் ‘ட்ரெபிள் அதிகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சாதாரண ரசிகன், கீச்சென்ற மேல் சத்தத்தைக் குறிக்கும் இந்த வார்த்தையை எங்கே கண்டான்? அது உன் வார்த்தை. போன மழைக்காலத்தில், டயர் கடைக்கு மேலே இருக்கும் உன் அறையில், மிக்ஸிங் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு நீ சொன்ன அதே வார்த்தை.

“இதுக்கு மேல ட்ரெபிள் ஏத்த மாட்டேண்ணா.”

“ஏன்?”

“மாட்டேன்.”

காரணம்கூட இல்லை. ‘மாட்டேன்’ மட்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். கம்பளிக்குள் சுற்றிவைத்தது மாதிரி என் கிட்டார் அமுங்கிக் கிடந்தது. நான் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன், வீட்டில் நானே உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன், அட்டையில் உன் பெயர் இல்லாமல் வெளியிட்டேன். அதுதானே உனக்குப் பொறுக்கவில்லை? போன ஆல்பத்தில் வாசித்தவன் நான், ‘மிக்ஸிங் அற்புதம்’ என்று அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடியது உன்னை. நான் அப்போது வாயைத் திறந்தேனா?

ஆளைப் பிடித்து எழுதவைத்தாயா, நீயே பத்துப் பெயரில் எழுதினாயா? அதை மட்டும் சொல்.

இப்படிக்கு,
வேறு வழியில்லாமல் உன் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை இவர்தான் முதலில் பிரித்தார். படித்துச் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குட்டி உன் கையெழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா கோவமா இருந்தாதான் எழுத்து அழகா வருதும்மா” என்கிறாள். அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். நீ வந்து எவ்வளவு நாளாயிற்று.

நான் யாரையும் பிடித்து எழுதவைக்கவில்லை. நானும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? ஒரு சோப்பு விளம்பரம் நாலு தடவை திரும்பி வந்துவிட்டது. நுரை பொங்கும் சத்தம் ‘சந்தோஷமாக’ இல்லையாம். இந்த லட்சணத்தில் இருக்கிறது என் பிழைப்பு.

ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கித்தான் கேட்டேன். மூன்றாவது பாட்டு மெதுவாக ஆரம்பிக்கிறதே, அதைக் கேட்டபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இதுவரை இப்படி ஒன்று எழுதியதில்லை. ஆனால், அண்ணா, அதை நான் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் கேட்க முடிந்தது. அந்தப் பல்லி எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீ கத்தப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாடகர் தகரம் இங்கே வந்திருந்தார். பாடிப் பாடிக் குரல் போனது போக மிச்சமிருந்ததில், “தங்கச்சி, பாட்டு ஒவ்வொண்ணும் தங்கம்மா. உங்கண்ணன் அதை முள்ளுல சுத்தி வெச்சிருக்கான்” என்றார். அவரும் டிரம்ஸ் வாசிக்கிற மூட்டையும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். ஆல்பத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, என்னை வைத்து மறுபடி மிக்ஸ் செய்யப்போகிறார்கள். டிஸ்க் உன்னிடம் இருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் நீ கொடுக்காவிட்டால் வேறு கிட்டார்க்காரரை வைத்துக் குழுவை நடத்துவார்கள். “நான் சொன்னதா சொல்லிடாத” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட்டேன். வேறு யார் சொல்வார்கள் உனக்கு?

டிஸ்க்கைக் கொடுத்துவிடு. உன் குழுவை உன் கையாலேயே உடைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. ஒரு தடவை காது டாக்டரைப் பார்த்துவிட்டு வா. சும்மா ஒரு தடவை.

அன்புடன்,
தங்கை


மார்ச் 16

தங்கைக்கு,

காது டாக்டரா! நேராகப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாமே, அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முதலில் அந்தத் தகரம். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. என் கதவைத் தட்டத் துணிச்சல் இல்லை, உன் வீட்டுக்கு ரயில் ஏறி வந்து காபி குடித்துவிட்டுப் போகத் தெரிகிறது. இருபது வருடம் ஒரே வேனில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்து ஊர் ஊராகப் போனோம். அவனுக்குக் குரல் கட்டிக்கொண்டால் மேடையில் நான் கிட்டாரை இழுத்து நீட்டி நேரம் ஓட்டுவேன், அவன் பின்னால் போய்த் தண்ணீர் குடிப்பான். மூட்டையின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான். இந்தக் குழுவை ஆரம்பித்தது யார்? ஒவ்வொரு பாட்டையும் எழுதியது யார்? என் வீட்டிலிருந்தே என்னைத் துரத்துவதற்குக் கெடு வைக்கிறார்கள். நீ அதற்குத் தூது.

உன் காது விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்தவன். ஒருவன் ஒன்று சொன்னால் ஆதாரம் கேட்டுப் பழகியவன். உனக்கு ஒரே ஒரு கேள்வி.

போன ஆல்பம். அதே கிட்டார், அதே ஆம்ப்ளிஃபயர், உன் அதே அறை. உன் பக்கத்து நாற்காலியில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் நான் கேட்டு, ‘சரி, இதுதான்’ என்று சொன்ன பிறகுதான் நீ முடித்தாய். நான் சம்மதிக்காத ஒரு நொடி அதில் கிடையாது. அதைத்தான் உலகம் அற்புதம் என்றது. அன்று சரியென்று சொன்ன காதும் இன்று எனக்கு இருக்கும் காதும் ஒன்றுதானே? என் காது கெட்டுப்போனது என்றால் போன ஆல்பம் எப்படி நன்றாக வந்தது?

இதற்குப் பதில் சொல். சுற்றி வளைக்காமல், கண்ணீர் வடிக்காமல் சொல். பதில் இருந்தால் டிஸ்க் உன் வாசலில் வந்து நிற்கும். இல்லையென்றால் என் காதைப் பற்றி இனி நீ பேசக்கூடாது. தகரத்தையும் மூட்டையையும் புதுக் கிட்டார்க்காரனோடு போய் எங்கேயாவது பிறந்தநாள் விழாவில் வாசிக்கச் சொல்.

இப்படிக்கு,
நல்ல காதுள்ள உன் அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். இத்தனை நாள் உன் கோபத்துக்குப் பயந்தேன். இப்போது எனக்கும் கோபம் வந்துவிட்டது, அதனால் சுலபமாக இருக்கிறது.

போன ஆல்பத்தில் நீ கேட்டது வேறு. உலகம் கேட்டது வேறு.

உன் ஹெட்ஃபோனுக்குத் தனியாக ஒரு வயர் போட்டிருந்தேன். அதில் மட்டும் கிட்டாரின் மேல் சத்தத்தை ஏற்றி வைத்திருந்தேன். நீ “இன்னும் கொஞ்சம் கூர்மையா வேணும்” என்பாய், நான் ஒரு திருகு திருகுவேன், “ம், இப்பதான் உயிர் வந்துச்சு” என்பாய். அந்தத் திருகல் உன் காதுக்கு மட்டும்தான் போனது. பதிவில் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் உன் கையில் கொடுத்த பிரதியும் உனக்கென்று தனியாகச் செய்தது. கடைக்குப் போனதை நீ கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை, மூட்டையின் காரில் கேட்டிருக்கிறாய். “என்னடா ஸ்பீக்கர் இது, பழைய சாக்கு மாதிரி” என்று அவனைத் திட்டினாய். அவன் உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினான். அடுத்த வாரம் எனக்காக ஸ்பீக்கரையும் மாற்றினான்.

உன் காதில் கோளாறு என்று எனக்குத் தெரிந்தது அந்த ஆல்பத்தின் இரண்டாம் நாளிலேயே. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிற இடத்தில் நீ மட்டும் கண்ணை மூடித் தலையாட்டினாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லிப் பார்க்கிற ஆளா நீ? “அண்ணா, உனக்கு மேல் சத்தம் கேட்கவில்லை” என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? கிட்டாரை என் தலையில் போட்டிருப்பாய். இல்லை, கிட்டாரைத் தொடாமலே இருந்திருப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம். நீ வாசிக்க வேண்டும், ஆல்பம் வர வேண்டும், நம் வீட்டில் சண்டை இருக்கக்கூடாது. அதற்கு ஒரு வயர் போதும் என்றால் போடமாட்டேனா? போட்டேன். நல்ல ஆல்பம் வந்தது. அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தத் தடவையும் செய்திருப்பேன். உனக்கு வயரை மாட்டிப் பார்த்தேன். போன தடவை ஒரு திருகு போதுமாக இருந்தது, இப்போது கடைசிவரை திருகியும் “இன்னும், இன்னும்” என்கிறாய். உன் ஹெட்ஃபோனை எடுத்து என் காதில் ஒரு நொடி வைத்தேன். தலை சுற்றிவிட்டது. அந்தச் சத்தத்தை நாள் முழுக்க உன் காதுக்குள் ஊற்றினால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரில் கேள் என்றேன். அதனால்தான் ‘மாட்டேன்’ என்றேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நீயும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டாய்.

ஆதாரம் கேட்டாய். போன ஆல்பத்தின் இரண்டு பிரதிகளையும் இத்தோடு வைத்திருக்கிறேன். எதையாவது எடுத்து யார் காதிலாவது வைத்துப் பார்.

டிஸ்க்கை அனுப்பு.

தங்கை


மார்ச் 27

நீ சொல்வது பொய். குற்றத்தை மறைக்கக் குற்றத்தைவிடப் பெரிய கதை கட்டுகிறாய். மூட்டையையும் சேர்த்துக்கொண்டாய். இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 19

தங்கைக்கு,

நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, அவற்றில் இருப்பதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தால் சொல்.

பத்து நாளைக்கு முன்னால் எதிர்வீட்டு நர்ஸ் வந்து கதவை இடித்தாள். மணி அடித்துப் பார்த்து ஓய்ந்துபோய்க் கையால் இடித்திருக்கிறாள்.

“சார், உங்க வீட்டுப் புகை அலாரத்துல பேட்டரி தீந்துபோச்சு. மூணு நாளா கத்திக்கிட்டே இருக்கு. நைட் டியூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவ சார் நான்.”

“எது கத்துது?”

“வெளையாடறீங்களா? இதோ, இப்பகூட!”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“இதோ! மறுபடி!”

அவளை உள்ளே அழைத்துவந்து கூடத்தில் நிறுத்தினேன். தலைக்கு மேலே அந்த வட்டமான வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அது எரியும்போதெல்லாம் அவளுடைய கண் சுருங்கியது. எனக்குக் கேட்டது கீழே போகிற பஸ் சத்தம் மட்டும். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் என் வீட்டில் ஒன்று கத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நாற்காலி மேல் ஏறி அதைப் பிடுங்கினேன். “அப்பாடா” என்றாள். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அவள் போவதற்கு முன்னால் நீ அனுப்பிய இரண்டு பிரதிகளையும் போட்டுக் காட்டினேன். முதலாவதைக் கேட்டதும், “நல்லா இருக்கே சார், நீங்களா வாசிச்சது?” என்றாள். இரண்டாவது தொடங்கியதுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவள் பொத்திக்கொண்டதுதான் எனக்குப் பிடித்த பிரதி.

டாக்டரையும் பார்த்தேன். வாய்க்குள் முணுமுணுக்காத முதல் மனிதர், செவிடர்களோடு பேசிப் பழகியவர். “போனது போனதுதான் சார். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்” என்றார். முன்னாடியே வந்திருந்தால் என்று கேட்டேன். “முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும்” என்றார். பேச்சு கேட்க ஒரு மெஷின் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். யார் பேசுவதைக் கேட்க என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அந்த ‘முன்னாடியே’ என்ற சொல்லை இத்தோடு உனக்கு அனுப்புகிறேன். அது உன்னுடையது. போன ஆல்பத்தின் இரண்டாம் நாளே உனக்குத் தெரிந்தது. மூட்டைக்குத் தெரிந்தது. தகரத்துக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நான் கத்துவேன் என்று பயந்தாய். கத்தியிருப்பேன். ஒரு மாதம் கத்தியிருப்பேன், ஆறு மாதம் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசித்திருப்பேன். என் கோபத்திலிருந்து நீ தப்பித்துக்கொண்டாய், அதன் விலையை என் காது கொடுத்தது. நீ ஒரு திருகு திருகி, நான் “உயிர் வந்துச்சு” என்று சொல்லும்போது, என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்களா? சிரித்தார்களா? பாவப்பட்டார்களா? இரண்டில் எது என்று எனக்குச் சொல்லாதே.

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லா அபிப்பிராயங்களையும் மறுபடி படித்தேன். எலும்புக்கூடு, சவப்பெட்டி, பஞ்சு கேட்டவன், எல்லோரும் முகம் தெரியாதவர்கள். என்னைக் கேலி செய்தார்கள், தாத்தா என்றார்கள். ஒருத்தரும் எனக்குத் தனி வயர் போடவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதினார்கள். நான் அவர்களுக்கு எழுதிய பதில்களையெல்லாம் அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவுக்கு நான் இன்னும் நல்லவனாகிவிடவில்லை.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லிவிட்டாய், அதனால் டிஸ்க் இந்தக் கடிதத்தோடு வருகிறது. கெடு தாண்டிவிட்டது. தகரம் அதற்காக அடம்பிடிக்க மாட்டான், அவனைப் பற்றி எனக்குத் தெரியும். மேடையில் என் இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும். டாக்டர் மேடைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஆல்பத்தில் வாசித்திருப்பது நான். அதில் ஒரு இழையைக்கூட யாரையும் வைத்து மறுபடி வாசிக்காதே.

மூன்றாவது பாட்டின் ஆரம்பத்தில் கம்பியின் மேல் என் விரல் நகரும் சத்தம் இருக்கும். இருந்ததாக நினைவு. இப்போது எனக்கு அது கேட்பதில்லை. அதைத் துடைத்துவிடாதே.

மிக்ஸிங்கை முடித்ததும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லாதே. எப்படி வந்திருக்கிறது என்று போனில் சொல்லாதே. நீ ‘நன்றாக வந்திருக்கிறதண்ணா’ என்று சொன்னால் இனி அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? கேட்பவர்கள் சொல்லட்டும். அவர்கள் எழுதுவதைப் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

எனக்கென்று தனிப் பிரதி செய்யாதே. கடைக்குப் போகிறதே, அதில் ஒன்றை அனுப்பு. எனக்கு அது கம்பளிக்குள் சுற்றிவைத்தது மாதிரிதான் கேட்கும். கம்பளிக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன்.

குட்டியிடம் மாமா அவளுக்குத் தனியாக எழுதுவார் என்று சொல்.

அண்ணன்